புகையிரதத்தை வணங்கிய நகரம்

யப்பானின் ஒசாக்கா நகரத்து உமேதா நிலையத்திலிருந்து வடமேற்கே மலையடிவாரம் நோக்கிப் போகும் மின்சாரப் புகையிரதப் பாதை ஒன்று உண்டு. நீளம் 24.5 கிலோமீற்றர். பெட்டிகள் யாவும் கருஞ்சிவப்பு. பாதை முடிகிற ஊரின் பெயர் தக்கராசுக்கா. அங்குள்ள இசைப் பள்ளியிலே படிக்கும் பெண்பிள்ளைகள் தெருவில் போகும்போது இந்தப் புகையிரதம் கடந்து சென்றால் நின்று தலை தாழ்த்தி வணங்கவேண்டும் என்றொரு எழுதப்படாத விதி நெடுங்காலமாக இருந்து வந்தது. வண்டிக்குள் மூத்த கலைஞர் யாராவது இருக்கக்கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 2020 இல்தான் இவ்வழக்கத்தைக் கைவிட்டதாகப் பள்ளி அறிவித்தது.

காரணம் எதுவாக இருந்தாலும், தெருவில் நிற்கிற பிள்ளைக்கு வண்டிக்குள் இருப்பவரைத் தெரியப் போவதில்லை. வணக்கம் வண்டிக்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஊரின் வரலாற்றைப் படித்தபோது எமக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இருக்கவில்லை. ஏனெனில் அந்த ஊரைப் பெற்றெடுத்ததே புகையிரதம்தான்.

யப்பான் என்றால் எமது சிற்றிதழ்களில் ஹிரோஷிமாவும் ஹைக்கூவும் குரோசவாவுந்தான் திரும்பத் திரும்ப வருவன. தக்கராசுக்காவைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை. பெரிய போர் நடந்த இடமல்ல, அரசனின் தலைநகரமுமல்ல. இரண்டு இலட்சத்துச் சொச்சம் சனத்தொகை கொண்ட, காலையில் ஒசாக்காவுக்கு வேலைக்குப் போய் இரவில் உறங்கத் திரும்புகிற மனிதர்களின் ஊர். பாரிஸின் புறநகர்களிலும் லண்டனின் ஓரங்களிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் தவணைக்கு வீடு வாங்கி, விடியமுன் புகையிரதத்துக்கு ஓடுகிற எம்மவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. இப்படியொரு வாழ்க்கை முறையை யார், எதற்காக உருவாக்கினார்கள் என்று கேட்டுப் பார்ப்பதற்கு இந்த ஊர் நல்ல உதாரணம்.

'தக்கரா' என்றால் புதையல். 'சுக்கா' என்பது மேடு, பெரும்பாலும் பழங்காலத்துப் புதைமேடு. முக்கோ என்ற ஆறு மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிற இடத்தில் ஊர் இருக்கிறது. மாநகரத்தின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வடக்கே மலையும் வயலுமாகக் கிடக்க, சனங்களிற் பெரும்பாலானோர் தெற்கிலே புகையிரதப் பாதையை அண்டி வாழ்கிறார்கள். பழைய ஊருக்கென்று சில பெருமைகள் இருந்தன. சுகப்பிரசவம் வேண்டிக் கர்ப்பிணிகள் வருகிற நக்கயாமா பௌத்த ஆலயம், அடுப்படித் தெய்வத்துக்கான கியோஷிகோஜின் ஆலயம், மரக்கன்று வளர்ப்பையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட யமமொத்தோ கிராமம். ஆனால் நாம் பேசப்போகும் தக்கராசுக்கா இவற்றிலிருந்து வளர்ந்ததல்ல. அது வெந்நீரிலிருந்து தொடங்குகிறது.

1887 இல் ஆற்றின் வலது கரையில் வெந்நீர்க் குளிப்பு விடுதி திறக்கப்பட்டது. எங்கள் கன்னியாவைப்போல ஏழு கிணறுகளில் அள்ளிக் குளிக்கிற ஏற்பாடல்ல. உப்பும் இரும்பும் கலந்த ஊற்றுநீரைத் தொட்டிகளில் நிறைத்து, தங்குவதற்கு அறையும் உணவும் கொடுக்கும் விடுதிகள். இதே சுற்றுவட்டாரத்தில் இயற்கையாகவே காற்றுக் குமிழி பொங்கும் ஊற்றொன்றைக் கண்ட வில்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1890 அளவில் அதைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். அவருடைய பெயரிலேயே அந்தச் சோடா இன்றும் யப்பானியக் கடைகளில் விற்கப்படுகிறது. 1897 இல் ஹன்கக்கு என்ற கொம்பனியின் நீராவிப் புகையிரதம் ஊருக்கு வந்தது. 1907 இல் அரசு அதைத் தேசியமயமாக்கியது. இந்தப் பாதையை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். கதையின் பிற்பகுதியில் இது மறுபடி வரும்.

தேசியமயமாக்கலில் கைப்பணம் பெற்ற ஹன்கக்கு முதலாளிகள் புதிதாக ஒரு மின்சாரப் பாதை போடத் திட்டமிட்டார்கள். 'மினோ-அரிமா மின்சார இருப்புப்பாதைக் கொம்பனி' என்று அதற்குப் பெயர். மினோ, நீர்வீழ்ச்சியும் மேப்பிள் மரங்களும் உள்ள மலை. அரிமா, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் புகழ்பெற்ற வெந்நீரூற்று. ருஷ்ய-யப்பானியப் போருக்குப் பிந்திய பொருளாதார நெருக்கடி 1907 இல் வெடித்தது. பங்குகளை வாங்க ஆளில்லை. இந்த நிலையிற்றான் கொபயாஷி இச்சிஸோ என்பவர் உள்ளே வருகிறார்.

கொபயாஷி 1873 இல் யமனாஷி மாவட்டத்து வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். எழுத்தாளனாக வேண்டுமென்பது அவருடைய இளமைக் கனவு. மாணவனாக இருந்தபோதே உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் தொடர்கதை எழுதியிருக்கிறார். பிழைப்புக்காக மிற்சுயி வங்கியிற் சேர்ந்து பதினான்கு வருடங்கள் அங்கே காலந்தள்ளினார். எழுத்தாளனாக முடியாமற்போன வங்கி எழுதுவினைஞர்கள் உலகெங்கும் உண்டு. எமது இதழ்களின் ஆசிரியர் குழுக்களிலும் உண்டு. இவருக்கு மட்டும் கதை எழுதுவதற்கு ஒரு புகையிரதப் பாதை கிடைத்தது.

பாதையின் சிக்கல் எளிமையானது. இரண்டு பெரிய நகரங்களை இணைக்கிற பாதையென்றால் பிரயாணிகள் தாமாக வருவார்கள். இது வயல்களுக்கூடாகப் போய் மலையடிவாரத்தில் முடிகிற பாதை. போதாததற்கு அரிமாவரை போடுவதாயிருந்த பகுதி கடைசிவரை போடப்படவேயில்லை. ஆகவே 1910 மார்ச் 10 அன்று முதல் வண்டி ஓடியபோது அது மினோவுக்கும் தக்கராசுக்காவுக்கும் மட்டுமே போயிற்று. யார் ஏறுவார்கள்?

கொபயாஷியின் பதில்: ஏறுபவர்களை நாமே உண்டாக்குவோம். பாதை திறக்கமுன்பே பாதையோரக் காணிகளைக் கொம்பனி மலிவு விலைக்கு வாங்கிப் போட்டது. 1908 இல் பாதையின் எதிர்காலத்தை விளக்கி ஒரு சிறு பிரசுரம், 1909 இல் எந்த நிலத்தைத் தேர்வது, எத்தகைய வீட்டில் வாழ்வது என்று கேட்கும் இன்னொரு பிரசுரம். இரண்டாவதில், புகைமண்டிய ஒசாக்காவில் வாழும் மனிதர்களின் அவலத்தை அனுதாபத்துடன் விவரித்துவிட்டு, நல்ல காற்றுள்ள புறநகருக்கு வந்து குடியேறச் சொன்னார். 1910 இல் இக்கெதா என்ற இடத்தில் ஏறக்குறைய 330 சதுர மீற்றர் காணியில் வீடும் தோட்டமும் சேர்த்து, பத்து வருடத் தவணையில் விற்பனைக்கு வந்தன. சம்பளக்காரனுக்குச் சொந்த வீடு என்பது அன்றைய யப்பானில் அரிது. வீடுகள் விற்றுத் தீர்ந்தன. வீடு வாங்கியவன் அடுத்த முப்பது வருடங்களுக்குத் தினமும் இரண்டு தடவை அந்தக் கொம்பனியின் வண்டியில் ஏறியே ஆகவேண்டும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

ஒசாக்காவின் புகை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிரசுரம் ஆழமாகத் தொடவில்லை. அது பருத்தி ஆலைகளின் புகை. 'கீழைத்தேசத்து மன்செஸ்டர்' என்று பெயரெடுத்த அந்த நகரத்தின் நூற்பாலைகளில் கிராமங்களிலிருந்து முற்பணம் கொடுத்துக் கொண்டுவரப்பட்ட பெண்பிள்ளைகள் விடுதிகளில் அடைபட்டு இரவு பகலாக வேலை செய்தார்கள். 1911 இல் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம் 1916 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்களின் இரவுவேலையைத் தடுக்கும் பகுதியோ 1929 வரை ஒத்திவைக்கப்பட்டது. புறநகரின் நல்ல காற்று, இந்தப் பிள்ளைகளின் மேற்பார்வையாளர்களுக்கும் கணக்காளர்களுக்குமே விற்கப்பட்டது. இதே வயதுப் பிள்ளைகள் இன்னும் சிலர் கொபயாஷியின் கதையில் வேறு வேடத்தில் வரப்போகிறார்கள்.

வீடு வாங்கியவர்கள் காலையில் ஒசாக்காவுக்குப் போவார்கள், சரி. பகலிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டி வெறுமையாகவல்லவா ஓடும்? எனவே பாதையின் மறுமுனைக்கு ஆட்களை இழுக்கவேண்டும். 1911 மே 1 அன்று ஆற்றின் இடது கரையில் 'தக்கராசுக்கா புதிய வெந்நீர்' என்ற பெயரில் பளிங்குத் தொட்டிகளுடன் பெரிய குளிப்பு மண்டபத்தைக் கொம்பனி திறந்தது. பழைய விடுதிகளுக்கு ஆண்கள் கெய்ஷாப் பெண்களோடு போவது வழக்கம். புதியதற்கோ மனைவி பிள்ளைகளோடு வரலாம். 1912 இல் பக்கத்திலேயே 'பரடைஸ்' என்று மேனாட்டுப் பாணியில் ஒரு கட்டடமும், அதற்குள் நீச்சற்குளமும் அமைத்தார்கள். குளம் படுதோல்வி. தண்ணீரைச் சூடாக்கும் வசதி இல்லை, உள்ளே வெயிலும் புகாது, குளிர் தாங்க முடியவில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றாக நீந்தவும் அக்கால ஒழுக்கம் இடங்கொடுக்கவில்லை. கட்டிய குளத்தை என்ன செய்வது? மேலே பலகை அடித்து இருக்கைகளைப் போட்டார்கள். உடைமாற்றும் அறையை மேடையாக்கினார்கள். யப்பானின் மிகப் பெரிய பெண்கள் நாடக மரபு இப்படித்தான், வற்றிய குளத்தின் மீது தொடங்கிற்று.

மிற்சுகோஷி என்ற அங்காடி விளம்பரத்துக்காகச் சிறுவர் இசைக்குழுவொன்றை வைத்திருந்ததைப் பார்த்தே கொபயாஷிக்கு யோசனை வந்தது. பையன்களுக்குப் பதிலாகப் பெண்பிள்ளைகள். 1913 யூலையில் 16 பேர் சேர்க்கப்பட்டார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று முதல் நிகழ்ச்சி: பீச்பழத்திலிருந்து பிறந்து அரக்கர்களை வெல்லும் மொமொதாரோவின் கதையை இசைநாடகமாக்கிய 'தொன்புராக்கோ', இன்னும் சில சிறு உருப்படிகள். பார்க்கத் தனிக்கட்டணம் இல்லை. குளிக்க வந்தவர்களுக்கு இலவசம்.

அன்றைய யப்பானில் மேடையேறும் பெண்ணென்றால் சமூகம் என்ன சொல்லும் என்பது எமக்குத் தெரியாததல்ல. எமது மண்ணிலும் அதுதான் நிலை. ஆகவே கொபயாஷி அவர்களை நடிகைகள் என்று அழைக்கவில்லை. 'மாணவிகள்' என்றார். 1919 இல் முறையான இசைப் பள்ளியும் நிறுவப்பட்டது. நாற்பது வயதானாலும் குழுவில் இருக்கும்வரை அவர் 'மாணவி'தான். திருமணமாகாதவராக இருக்கவேண்டும். திருமணமென்றால் விலகவேண்டும். 'தூய்மையாக, நேர்மையாக, அழகாக' என்பது குழுவின் குறிக்கோள் வாசகம். நல்ல குடும்பத்துப் பெற்றோர் தயங்காமற் பிள்ளைகளை அனுப்பினார்கள். நல்ல குடும்பங்கள் தயங்காமற் பார்க்க வந்தன. வண்டிகள் நிறைந்தன.

இதை எழுதும்போது கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நினைவு வருகிறது. ஏறக்குறைய அதே காலப்பகுதிக்குச் சற்று முன்னர், பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் கொம்பனியை ஒரு பெண்ணே நடத்தினார். அதைப் பார்க்க வருபவர்களுக்காகச் சிறப்புப் புகையிரதங்கள் விடப்பட்டதாகச் சொல்வார்கள். அங்கே நாடகத்துக்காக வண்டி ஓடிற்று. இங்கே வண்டிக்காக நாடகம் நடந்தது. பாலாமணி வறுமையில் இறந்தார். தக்கராசுக்காவுக்குப் பின்னால் கொம்பனி இருந்தது, அது நிலைத்தது.

நிலைத்தது மட்டுமா, விரிந்தது. 1918 இல் தோக்கியோ அரங்கேற்றம். 1923 இல் அரங்கு தீயில் எரிந்து போக, 1924 இல் ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய 'பெரிய அரங்கு' எழும்பியது. அத்தனை பேர் கொள்ளும் அரங்கென்றால் இருக்கைக்கட்டணத்தைக் குறைக்கலாம், சாதாரண சம்பளக்காரனும் குடும்பத்தோடு வரலாம் என்பது கொபயாஷியின் கணக்கு. 1927 இல் பாரிஸிலிருந்து திரும்பிய கிஷிதா தத்சுயா 'மொன் பாரி' என்ற காட்சியை அமைத்தார். யப்பானில் மேடையேறிய முதலாவது 'ரெவ்யூ' அது. கால்களை ஒருசேர உயர்த்தும் வரிசை நடனமும் அதோடுதான் வந்தது. 1930 இல் வந்த 'பாரிசெத்' என்ற காட்சியின் வயலெற் மலர்ப் பாட்டு, ஜேர்மனியில் லைலாக் மலரைப் பாடிப் பிறந்து, பிரான்சில் உருமாறி, இங்கே வந்து குழுவின் அடையாளப் பாட்டாகியது. வயலெற்றே இன்று மாநகரத்தின் மலர். பாரிஸைக் காணாத பிள்ளைகள் பாரிஸைப் பாடினார்கள். பாரிஸில் வாழ்ந்தும் அந்தப் பாட்டுகளின் பாரிஸைக் காணாத எமக்கு இதைப் படிக்கச் சிரிப்பு வந்தது.

பாதையின் இந்த முனை இப்படியென்றால் மறுமுனையும் சும்மா இருக்கவில்லை. 1918 இல் ஹன்ஷின் அதிவேகக் கொம்பனி எனப் பெயர் மாறி, பிற்காலத்தில் 'ஹன்கியூ' என்று சுருங்கிய அந்த நிறுவனம், 1929 இல் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடியைத் திறந்தது. நிலையத்தில் இறங்குபவர் தெருவுக்குப் போகாமலே கடைக்குள் நுழையலாம். புகையிரதக் கொம்பனி தானே நடத்திய இத்தகைய அங்காடி அதற்கு முன் இருந்ததில்லை. பெரு மந்தத்தின்போது அதன் உணவகத்துக்கு வரும் ஏழைகள் வெறுஞ் சோற்றை மட்டும் வாங்கி, மேசையிலிருக்கும் சோஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மற்றக் கடைகள் விரட்டின. கொபயாஷியோ சோறு மட்டும் சாப்பிடுபவர்களை வரவேற்பதாக அறிவித்தார். இன்று சோறு மட்டும் வாங்குபவன் நாளை பிள்ளை குட்டியோடு வருவான் என்பது அவர் கணிப்பு. கருணையும் கணக்கும் ஒரே கையிலிருந்து வருவதை இந்த மனிதரிடம் பிரித்துப் பார்ப்பது கடினம். 1932 இல் அவர் தொடங்கிய தோக்கியோ கிளை நிறுவனத்திலிருந்து வந்ததுதான் 'தோஹோ': தோக்கியோவின் 'தோ', தக்கராசுக்காவின் 'தக்கரா' என்ற எழுத்துக்குரிய இன்னோர் உச்சரிப்பான 'ஹோ'. 'ஏழு சாமுராய்'களைத் தயாரித்த அதே தோஹோ. ஆக, எமது திரைப்பட வட்டங்கள் கொண்டாடிய குரோசவாவின் படங்களின் முகப்பில் இந்த ஊரின் பாதிப்பெயர் ஒளிந்திருந்திருக்கிறது.

மேடையில் ஆண்வேடம் பூண்ட பெண்களைப் பற்றிச் சொல்லாமற் போகமுடியாது. 'ஒத்தோகொயாக்கு' என்ற அவர்கள் 1930களின் தொடக்கத்தில் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டபோது பத்திரிகைகள் கூச்சலிட்டன. குடும்பத்துக்கு உகந்த பொழுதுபோக்கு என்று கொம்பனி உண்டாக்கியதில் பெண் இரசிகைகள் வேறெதையோ கண்டுகொண்டார்கள். கணவனிடமும் மாமனிடமும் காணாத மென்மையான ஓர் ஆண், அதுவும் பெண்ணின் உடலில். அமெரிக்க மானிடவியலாளர் ஜெனிஃபர் ரொபர்ட்சன் 1998 இல் வெளியிட்ட நூலில் இந்த முரணையே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நல்ல மனைவியரை உருவாக்கும் பள்ளி என்று நிறுவனரே எண்ணிய இடம், மனைவியாகாத வாழ்க்கையைக் கனவு காணும் இடமாகவும் ஆனதை எந்தக் கொம்பனியாலும் தடுக்க முடியவில்லை. போருக்குப் பின் ஆண்களையும் சேர்க்க முயன்று ஒரு பிரிவை வைத்திருந்தார்கள். 1954 இல் அது கலைக்கப்பட்டது. இரசிகைகளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

போர் வந்தது. கொபயாஷி 1940 இல் கொனோயே அமைச்சரவையில் வர்த்தக கைத்தொழில் அமைச்சரானார். அதே வருடம் எண்ணெய் கேட்டு டச்சுக்காரரிடம் பேரம்பேச பத்தாவியாவுக்குப் போனார். குழு 1938 இல் ஜேர்மனிக்கும் இத்தாலிக்கும் நல்லெண்ணப் பயணம் அனுப்பப்பட்டது. பின்னர் மேடையில் போர்ப் பாட்டுகள். 1944 மார்ச்சில் பெரிய அரங்கு மூடப்பட்டது. பாடிய பிள்ளைகள் ஆலை வேலைக்குப் போனார்கள். அரங்கையும் குளிப்பு மண்டபத்தையும் கடற்படை எடுத்து, விமானிப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட பதின்ம வயதுப் பையன்களைக் குடியமர்த்தியது. பறப்பதற்கு விமானம் இல்லாத காலம். அவர்களிற் சிலர் கோட்டை கட்டும் வேலைக்காக அவாஜித் தீவுப் பக்கம் படகில் அனுப்பப்பட்டார்கள். 1945 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க விமானங்கள் அந்தப் படகைச் சுட்டன. 82 பேர் இறந்தார்கள். போர் முடிய இன்னும் பதின்மூன்று நாட்களே இருந்தன.

ஊரின் தெற்கில் கவனிஷி விமானத் தொழிற்சாலை இருந்தது. 1945 யூலையில் அது குண்டுவீச்சில் அழிந்தது. அந்த நிலத்தில் 1949 இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தை ஏற்றி இறக்குவதும் ஹன்கியூவே. குண்டு விழுந்த இடத்தில் பந்தயம் கட்டுவதைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. வாழ்கிறவர்கள் எங்கேயாவது ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கத்தானே வேண்டும். ஆனால் இன்னொரு நினைவு நெடுங்காலம் இடமில்லாமற் கிடந்தது. கோபே நகருக்கு நீர் கொண்டுபோகும் குழாய்ப்பாதை வேலையில் 1914, 1915 இலும், புகையிரதப் பாதைத் திருத்த வேலையில் 1929 இலும் ஊரின் மலைப்பகுதியில் ஐந்து கொரியத் தொழிலாளர் இறந்தனர். உள்ளூர்ச் சனங்கள் சிலர் ஆலயத்தில் அவர்களுக்காக வழிபட்டு வந்தார்கள். பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 2020 இல்தான். இன்னொருவருடைய நாட்டிற் கூலிவேலை செய்து செத்தவனுக்கு ஒரு கல் கிடைக்க நூறு வருடம் சென்றிருக்கிறது.

போருக்குப் பிந்திய தக்கராசுக்காவின் மிகப் பெரிய மகன் நாடகக்காரரல்லர், சித்திரக்கதைக்காரர். தெசுக்கா ஒசாமு 1928 இற் பிறந்து, ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்து, இளமை முழுவதையும் இங்கே கழித்தார். மலையடிவாரத்தில் பூச்சி பிடித்துத் திரிந்த பையன். தன் புனைபெயரையே ஒரு வண்டின் பெயரிலிருந்து ஆக்கிக்கொண்டவர். தாயார் அவரை அடிக்கடி பெரிய அரங்குக்குக் கூட்டிப் போவார். 1953 இல் அவர் தொடங்கிய 'நாடா கட்டிய வீரன்' என்ற தொடரில் ஆணின் இதயமும் பெண்ணின் இதயமும் ஒருங்கே பெற்ற இளவரசி வாளெடுத்துப் போரிடுகிறாள். அவள் எந்த மேடையிலிருந்து இறங்கி வந்தவளென்று சொல்லத் தேவையில்லை. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. தொலைக்காட்சி வந்தபின் அரங்கு வெறுமையாகி நொடித்துக்கொண்டிருந்தபோது, 1974 இல், இக்கெதா ரியோக்கோவின் சித்திரக்கதையான 'வெர்சாயின் ரோசா'வை மேடையேற்றித்தான் குழு தப்பியது. அதன் நாயகி ஒஸ்கார், ஆணாக வளர்க்கப்பட்ட பெண் தளபதி.

குழுவை அந்த நாடகம் காப்பாற்றியது. வெந்நீரை யாரும் காப்பாற்றவில்லை. ஊரைத் தொடக்கிவைத்த ஆற்றங்கரை விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு அடுக்குமாடி வீடுகளாயின. மாநகரசபை புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் அந்தோ ததாவோவைக் கொண்டு 2002 இல் ஒரு குளிப்பு நிலையம் கட்டியது. அடுத்த வருடமே நட்டத்தில் மூடி, 2004 இல் வேறு பெயரில் திறந்தார்கள். அரங்கை ஒட்டி மிருகக்காட்சிச் சாலையுடன் இருந்த 'ஃபமிலி லாண்ட்' பூங்கா 2003 ஏப்ரலில் மூடப்பட்டது. காரும் பிள்ளைகளின் எண்ணிக்கைக் குறைவும் காரணம் என்றார்கள். ஒருநாட் பயணமாகக் குடும்பத்தோடு வண்டியேறி வரும் ஞாயிற்றுக்கிழமை என்ற கொபயாஷியின் கண்டுபிடிப்பு காலாவதியாகிவிட்டது. மிஞ்சியது உறங்கும் ஊரும் அரங்கும்.

இடையில் 1995 ஜனவரி 17 விடியற்காலை நிலம் நடுங்கியது. கோபே பகுதியில் 6,400 பேருக்கு மேல் இறந்த அந்தப் பூகம்பத்தில் தக்கராசுக்காவிலும் நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்தான் புதிதாகக் கட்டித் திறந்த அரங்கும் பழுதுபட்டது. மார்ச் 31 அன்று மறுபடி திரை விலகியது. இந்த நேரத்தில் ஆட்டமும் பாட்டுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எமக்கும் இப்படியான கேள்விகள் பழக்கமானவையே.

பத்து வருடங்கள் கழித்து, 2005 ஏப்ரல் 25. முன்னர் மனதில் வைக்கச் சொன்ன அந்த ஹன்கக்குப் பாதை இப்போது ஜே.ஆர். மேற்குக் கொம்பனியின் கையில் இருக்கிறது. ஹன்கியூவோடு பிரயாணிகளுக்காகப் போட்டி. போட்டியென்றால் நிமிடக் கணக்கு. காலை 9 மணி 4 நிமிடத்துக்குத் தக்கராசுக்காவிலிருந்து புறப்பட்ட வண்டி, இத்தாமி நிலையத்தில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ப் பின்னே வந்ததில் ஒன்றரை நிமிடம் அளவில் தாமதித்தது. தாமதித்த சாரதிகளை வண்டியிலிருந்து இறக்கி, 'மறுபயிற்சி' என்ற பெயரில் நாட்கணக்கில் அவமதிக்கும் வழக்கம் கொம்பனியில் இருந்தது. 23 வயதுச் சாரதிக்கு அது தெரியும். மணிக்கு 70 கிலோமீற்றரில் எடுக்கவேண்டிய வளைவில் வண்டி 116 இல் நுழைந்து, தடம்புரண்டு, அடுக்குமாடிக் கட்டடமொன்றின் அடித்தளத்துக்குள் பாய்ந்தது. சாரதியோடு 107 பேர் மாண்டார்கள். வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள்.

2018 ஏப்ரலில் இன்னொரு சம்பவம். அப்போது நகரபிதாவாக இருந்தவர் நக்கக்காவா தொமோக்கோ என்ற பெண். ஊருக்கு வந்த சூமோ மல்யுத்தத்தை வரவேற்றுப் பேச அவருக்கு வளையத்தின் மேல் இடம் மறுக்கப்பட்டது. பெண் கால்வைத்தால் வளையம் தீட்டாகிவிடுமாம். பக்கத்தில் நின்றபடியே, பெண் என்பதால் இங்கிருந்து பேசநேர்ந்தது வருத்தமளிக்கிறது என்ற பொருள்படப் பேசினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெண்கள் ஆண்களாக நடித்துக் காசு சேர்த்துக் கொடுத்த ஊரில், ஆண்கள் குந்தியெழும்பும் மண்மேட்டில் ஏற ஒரு பெண்ணுக்கு அனுமதி இல்லை.

மேடையின் பின்புறமும் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. 2023 செப்ரெம்பர் 30 அன்று 25 வயதுக் கலைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்தவர்களின் ஏச்சும் ஓய்வில்லாத வேலையும் பற்றிக் குடும்பத்தினர் பேசினார்கள். கொம்பனி முதலில் துன்புறுத்தலை ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் ஏற்று மன்னிப்புக் கேட்டது. 'மாணவி' என்ற சொல் எத்தனை வசதியானது என்று அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். மாணவிக்கு வேலை நேரம் உண்டா? ஆடை தைப்பதும் இளையவர்களைப் பழக்குவதும் விடியும்வரை ஒத்திகை பார்ப்பதும் வேலையா, படிப்பா? ஆலைப் பிள்ளைகளுக்கு 1911 இல் ஒரு சட்டமாவது எழுதப்பட்டது. தூய்மையும் நேர்மையும் அழகுமான பிள்ளைகளுக்கு அது தேவையென்று எவருக்கும் தோன்றவில்லை. குழுவைத் தனி நிறுவனமாக்கி, மூத்த கலைஞர்களையும் ஊழியர்களாக ஏற்கும் மாற்றங்கள் 2025 இல் வந்தன.

இவ்வளவுக்குப் பின்னும் அரங்கு நிறைந்துதான் இருக்கிறது. பள்ளியில் ஆண்டுதோறும் சேர்க்கப்படும் நாற்பது இடங்களுக்குப் பல நூறு பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட எம்மால் முடியாது. பாடவும் ஆடவும் ஒரு பெண்ணுக்கு நூறு வருடமாகத் திறந்திருந்த கதவு அது. கதவை வைத்தவன் பிரயாணச்சீட்டு விற்பதற்காக வைத்தான் என்பது உண்மை. அதனூடாகப் போனவர்களின் ஆசை அவனுடையதல்ல.

தக்கராசுக்காவிலிருந்து தெற்கே இமசு நோக்கிப் போகும் ஹன்கியூ வண்டி, புறப்பட்ட சிறிது நேரத்தில் முக்கோ ஆற்றைக் கடக்கும். பூகம்பத்தின் பத்தாம் ஆண்டு நினைவாக, 2005 இல் ஒரு கலைஞர் ஆற்றின் நடுத்திட்டில் கற்களை அடுக்கி, வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும் அளவுக்குப் பெரிதாக ஒரேயொரு எழுத்தை அமைத்தார். 'வாழ்வு' என்று பொருள்படும் எழுத்து. அரிக்காவா ஹிரோ 2008 இல் இந்தப் பாதையை வைத்து எழுதிய நாவலிலும் அது வருகிறது. ஆற்றில் வெள்ளம் வரும்போது கற்கள் அடித்துச் செல்லப்படும். பிறகு ஊர்ச்சனங்களும் மாணவர்களும் இறங்கி, கற்களைப் பொறுக்கி, மறுபடி அடுக்குவார்கள். இதுவரை பல தடவை அடுக்கியிருக்கிறார்கள்.